நல்லாத்தான் இருந்தது

எபனேசர் சார் தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்றார். சிங்கப்பூரைப் பார்த்துவிட்டும் அதையேதான் சொன்னார். எருசலேமில் மட்டும் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்ல, கூடப் போன பாதிரியாருக்குக் கண் கலங்கிவிட்டதாம். கலங்காதா பின்னே? நாசரேத்து வட்டாரத்தில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. அதற்கு மேலே ஒருத்தன் புகழ்ந்தால், ஒன்று ஓட்டுக் கேட்க வந்திருக்கிறான், இல்லையென்றால் பெண் கேட்க வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

சார் முப்பத்து நான்கு வருஷம் பூகோள வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகும் கால் ஓயவில்லை. உள்நாடு, வெளிநாடு என்று சுற்றி, ஏழு பயணப் புத்தகங்கள் எழுதித் தாமே அச்சடித்து, சபைப் பண்டிகைகளில் நண்பர்கள் கையில் திணித்திருக்கிறார். ஏழுக்கும் பிழை திருத்தியவள் அவர் மனைவி ரோஸ். எருசலேமில் எந்த வாசல் எந்தப் பக்கம் என்று அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஆனால் அவள் போனது மேற்கே பாளையங்கோட்டை, வடக்கே மதுரை ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். முதலில் மாமியாரைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. அப்புறம் பிள்ளைகளுக்குப் பரீட்சை. அப்புறம் வீட்டுக்கு வெள்ளையடிப்பு. இந்த வருஷம் அவள் சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைத்துவிட்டு ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்: "நான் வரல்லன்னா நீங்களும் போகல்ல."

அப்படித்தான் மைசூருக்கு இரண்டு டிக்கெட் போட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தே காலுக்குத் தூத்துக்குடியில் வண்டி. ரோஸ் ஒரு வாரமாகப் பெட்டியை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம் வந்தது. முத்துக்கரைப் பயணியர் நல்லனுபவ வாரியம் என்று ஒன்று. "புகழ்பெற்ற பயண எழுத்தாளராகிய தாங்கள் எமது அனுபவ மையத்துக்கு வியாழனன்று வருகை புரிந்து, மேலான அனுபவத்தைப் பெற்றுச் செல்லுமாறு வேண்டுகிறோம்." சாரைப் பயண எழுத்தாளர் என்று அச்சில் போட்ட முதல் ஆள் சார்தான், இரண்டாவது இந்த வாரியம். ஆசை யாரை விட்டது?

"காலைல பத்து மணிக்குப் போனா பன்னெண்டுக்கு வெளிய வந்துருவேன். நீ ரெண்டு மணி பஸ்ல பெட்டியோட வா. ஸ்டேஷன்ல நிப்பேன்" என்றார்.

ரோஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நின்னாச் சரி" என்றாள்.

அனுபவ மையம் பீச் ரோட்டில், உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிகளைத் தாண்டி, கடலை ஒட்டி இருந்தது. அகலமான வாசல். நாதசுரம், தவில், பன்னீர்ச் செம்பு, சந்தனம், ஆளுக்கொரு மல்லிகைச் சரம். வளைவில் பெரிய எழுத்தில், "வந்தவர் மகிழாமல் வெளியே போவதில்லை" என்று எழுதியிருந்தது. சார் அதை வரவேற்பு வாசகம் என்று எடுத்துக்கொண்டார். சட்டம் என்று அப்போது தெரியாது.

சுற்றிக்காட்ட வந்தவர் கிளைட்டன் என்ற நாற்பத்தைந்து வயது மனிதர். கருப்பு ரப்பர் உடுப்பைத் தலை முதல் கால் வரை மாட்டிக்கொண்டு, அந்த வெயிலில் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார். முதலில் படகு உலா. சார் படகில் ஏறி உட்கார்ந்தார். படகு நகரவில்லை.

"கயிறு கட்டிக் கெடக்கே, அவுக்கலியா?" என்று கேட்டார்.

"படகு வாரியத்துது அண்ணாச்சி. கயிறு வேற துறைக்குச் சொந்தம். அவுக்க அனுமதி கேட்டு எழுதி ரெண்டு வருசமாச்சு. ஆனா அனுபவத்துக்கு ஒரு கொறையும் வராது, பாருங்க."

கிளைட்டன் விசிலடித்தார். படகுத்துறை மேடையிலிருந்த நான்கு பேர் படகைப் பிடித்து ஆட்டினார்கள். கரையில் காசிலிங்கம் என்ற ஒரு வயசாளி இரண்டு பெரிய மின்விசிறிகளைத் தட்டிவிட்டார். இன்னொரு ஆள் செம்பில் உப்புத் தண்ணீரை மொண்டு, கணக்காகப் பத்து எண்ணுக்கு ஒரு தடவை சாரின் முகத்தில் அடித்தான். இரண்டு கெஜம் தள்ளி நிஜக் கடல் தன் பாட்டுக்கு அலையடித்துக்கொண்டிருந்தது. அது வாரியத்தின் பொறுப்பில் இல்லை.

அடுத்தது முத்துக்குளிப்பு. ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டு ஒரு சிப்பியை எடுக்க வேண்டும்.

"நீங்க எடுத்துக் காட்டுங்களேன்" என்றார் சார்.

"நான் தண்ணியத் தொடக்கூடாது. நீச்சல் சர்டிபிகேட் இல்ல."

"நீச்சல் தெரியாதா?"

"மாதாவே! எங்க அப்பா, பாட்டா எல்லாரும் சங்கு குளிச்சவங்க. நான் நடக்கதுக்கு முன்னாலயே நீந்துனவன் அண்ணாச்சி. ஆனா சர்டிபிகேட்டுக்கு எழுத்துப் பரீட்சைலா வைக்கான்? ரெண்டு மட்டம் பெயிலு."

சார் எடுத்த சிப்பிக்குள்ளே ஒரு பிளாஸ்டிக் முத்து இருந்தது. நட்டநடுவே ஓட்டை. ஓட்டை எப்படி வந்தது என்று கேட்டதற்கு, கோப்பதற்கு வசதியாக வாரியமே போட்டுக் கொடுக்கிறது என்று கிளைட்டன் விளக்கினார்.

மணி பதினொன்றரை. வெளியேறும் வழியில் ஆளுயர இரும்புச் சுழல்கதவு. அதன் பக்கத்தில் ஒரு கவுண்டர், கம்ப்யூட்டர், உதவி அனுபவ அலுவலர் உமாராணி. முப்பது வயதிருக்கும், சிரித்த முகம்.

"அனுபவம் எப்படி இருந்துச்சு சார்? ஒரே வரி போதும். கதவு தானாத் திறந்துரும்."

சாருக்கு வந்த கோபத்துக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ரப்பர் உடுப்புக்குள் வெந்துகொண்டிருந்த கிளைட்டன் பக்கத்தில் நின்று, வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷனுக்காகச் சார் மனதைப் பெரிதாக்கி, தம்மிடம் இருந்ததிலேயே உசத்தியான வார்த்தையை எடுத்துக் கொடுத்தார்.

"சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருந்தது."

உமாராணியின் விரல் அந்தரத்தில் நின்றது. "சார், 'நல்லா இருந்தது'ன்னு சொல்லுங்க."

"அதத்தான சொன்னேன்?"

"இல்ல சார், 'தான்' போட்டுட்டீங்க. அதுவும் போக, சும்மா சொல்லக்கூடாதுன்னீங்க. எதையோ சொல்லக்கூடாதுன்னு வச்சிருக்கீங்கன்னு ஆகுது." திரையில் சிவப்பு விளக்கு ஒன்று மினுங்கியது. "அய்யோ, ஏறிருச்சு. நீங்க ஆய்வாளரைப் பாக்கணும்."

அனுபவ ஆய்வாளர் பாண்டியராஜனின் அறையில் குளுகுளுவென்று இருந்தது. மனிதர் எழுந்து நின்று கைகூப்பினார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அதுதான் பெரிய இம்சை.

"உக்காருங்க சார். நான் தமிழ் எம்.ஏ. அதனாலதான் இந்த சீட்ல போட்டிருக்காங்க. இத்தனை வருஷ சர்வீஸ்ல சொல்றேன், 'தான்' போட்ட ஒருத்தரும் 'ஆனா' போடாம விட்டதில்ல. 'சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா உப்பு கம்மி.' 'மாப்பிள்ளை நல்லவர்தான், ஆனா சாயங்காலமானா ஆளைக் காணோம்.' உங்க 'தான்' ஃபைல்ல ஏறிருச்சு. 'ஆனா' எங்க சார்?"

"ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம்."

"பாருங்க, 'அப்படித்தான்'ல இன்னொரு 'தான்'." ஆய்வாளர் அதையும் குறித்துக்கொண்டார். "நீங்க கூச்சப்படுறீங்க. எங்ககிட்ட மனம் திறந்து பேசலாம். இந்த வாரியம் தொடங்கி மூணு வருஷமாச்சு. அதிருப்தியோட இதுவரைக்கும் ஒரு ஆள் வெளிய போனதில்ல."

"அவ்வளவு நல்லாவா நடத்துதீங்க?"

"அதிருப்தி உள்ளவங்களை நாங்க வெளிய விடுறதே இல்ல சார்." பெருமையாகவே சொன்னார். "மத்த ஆபீஸ்லல்லாம் புகாரை வாங்கிக்கிட்டு ஆளை அனுப்பிருவாங்க. நாங்க ஆளை விடமாட்டோம். அக்கறை சார், அக்கறை! போன மாசம் அமைச்சரகத்துலருந்து பாக்க வந்தாங்க. எங்க பயணிகள் எத்தனை நாள் தங்குறாங்கன்னு பாத்து அசந்துட்டாங்க. கோவாவிலகூட சராசரி மூணு நாள்தான்."

சார் சத்தம் போட்டார். வண்டி இருக்கிறது, மனைவி வருகிறாள் என்று கெஞ்சியும் பார்த்தார். எல்லாவற்றுக்கும் பாண்டியராஜன் தலையாட்டினார். கூடத்தில் இருக்கச் சொன்னார்.

கூடத்தில் ஏற்கெனவே ஒருவர் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் புதுத் திருமண். தென்திருப்பேரையிலிருந்து வந்த பராங்குசம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்.

"எப்ப வந்தீய?" என்று கேட்டார் சார்.

"திங்கக்கிழமை" என்றார் பராங்குசம் அமைதியாக. "எப்படி இருக்குன்னு கேட்டா. வாயடைச்சுப் போய், 'ஒண்ணும் சொல்றதுக்கில்லை'ன்னேன். வாக்குமூலம் தர மறுத்தார்னு எழுதிண்டுட்டா. பொண்ணு விஷ்ணுப்ரியா தினம் கம்பி வழியா மாத்து வேஷ்டி குடுத்துட்டுப் போறா. பெருமாள் விட்ட வழி ஓய். மோர் நன்னா இருக்கு இங்கே."

அந்தக் கடைசி வாக்கியம்தான் சாரைத் திடுக்கிட வைத்தது. ஆள் பழகிவிட்டார்!

ஒரு மணிக்குச் சாப்பாடு வந்தது. பின்னாலேயே உமாராணி வந்தாள். சாப்பாட்டு அனுபவத்துக்குத் தனிப் படிவமாம். சார் நாக்கைக் கடித்துக்கொண்டு, 'தான்' இல்லாமல், "நல்லா இருந்தது, நல்லா இருந்தது, நல்லா இருந்தது" என்றார்.

"மூணு தடவ சொன்னா நக்கல்னு எடுத்துக்கும் சார்" என்றாள் அவள் வருத்தத்தோடு.

அப்போதுதான் சாருக்கு ஒரு புத்தி வந்தது. வெளியேறும் வழிக்குத்தானே கதவு? வந்த வழி திறந்துதானே கிடக்கிறது? கை கழுவப் போகிற மாதிரி எழுந்து, சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினார். வாசல் திறந்துதான் கிடந்தது. ஆனால் அவர் தலையைக் கண்டதுமே தவில் முழங்கியது. பன்னீர்ச் செம்போடு நான்கு பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "வாங்க சார், வாங்க" என்று சந்தனத்தைக் கையில் அப்பி, தோளைப் பிடித்துத் திருப்பி, படகில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். நான்கு பேர் ஆட்டினார்கள். முகத்தில் உப்புத் தண்ணீர் அடித்தது. கிளைட்டன் முதல் தடவை பார்ப்பதுபோல் கைகூப்பி, "வாங்க அண்ணாச்சி, எந்த ஊரு?" என்றார்.

"ஏலே கிளைட்டா, ஒனக்கு என்னயத் தெரியாதா?"

"தெரியும் அண்ணாச்சி" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்படிக் கேக்கணும்னு எழுதிப் போட்டுருக்கான். கேக்கல்லன்னா எனக்கு மெமோ."

முகம் நனைய நனையப் போன் அடித்தது. ரோஸ். "பஸ் ஏறிட்டேன். ஜன்னல் சீட்டு கெடச்சிட்டு" என்றாள். குரலில் ஒரு பிள்ளைத்தனமான துள்ளல். "நீங்க முடிச்சிட்டீயளா?"

"முடிஞ்ச மாதிரிதான்" என்றார் சார். சொன்ன பிறகுதான் பக்கத்தில் யாரும் எழுதிக்கொள்கிறார்களா என்று பார்த்தார்.

இரண்டரை மணிக்கு மறுபடி ஆய்வாளரின் அறை. இப்போது சாருக்கு இரண்டு வருகை, ஒரு சாப்பாடு, ஒரு காத்திருப்பு என்று நான்கு படிவங்கள். அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இவர்களுக்கு வேண்டியது ஒரு 'ஆனா'. பொல்லாத ஒரு 'ஆனா'வைக் கொடுத்துத் தொலைத்தால் என்ன? யாருக்கும் வலிக்காத, சின்ன ஒன்று.

"சரி, எழுதிக்கிடுங்க. நல்லாத்தான் இருந்தது. ஆனா, காத்து கொஞ்சம் கம்மி."

பாண்டியராஜன் நாற்காலியிலிருந்து எழுந்து சாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் அப்படி ஒரு நிம்மதி. "பாத்தீங்களா, உள்ளுக்குள்ள வச்சு எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க!" உடனே மணியடித்தார். காற்றுப் பிரிவு என்று ஒன்று இருந்தது. காசிலிங்கம்தான் அந்தப் பிரிவு. பத்து நிமிஷத்தில் அவர் கையில் ஒரு விளக்கம் கோரும் கடிதம்.

சார் கூடத்துக்கு வந்தபோது காசிலிங்கம் அங்கே நின்றுகொண்டிருந்தார். கடிதத்தைச் சாரிடம் நீட்டினார்.

"அண்ணாச்சி, நான் என்ன பாவம் பண்ணுனேன்? முழு வேகத்துலதான வச்சேன்? மூணு மாசத்துல ஓய்வு. இந்த வயசுல என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே."

முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரு பிள்ளையைக்கூட அநியாயமாக முட்டிபோட வைக்காதவர் அவர். திரும்பிப் போய், காற்று நன்றாக வந்தது, நான் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தார். காசிலிங்கம் தப்பினார். சார் மாட்டினார். திரும்பப் பெற்ற புகார் பொய்ப்புகார். பொய்ப்புகாருக்கு மூன்று பேர் குழு. அதில் ஒருவர் விடுப்பில் இருந்தார்.

"'ஆனா'வைக் குடுத்துட்டீரா?" என்று பராங்குசம் தலையிலடித்துக்கொண்டார். "என்னண்டை ஒரு வார்த்தை கேட்கப்படாதோ? மோர் குடியும்."

"எனக்கு மோர் வேண்டாம்!" என்று சார் கத்தினார். அந்தக் கத்தலுக்கும் ஒரு படிவம் வந்தது.

மூன்றரைக்கு ரோஸ் கூப்பிட்டாள். முத்தையாபுரம் தாண்டிவிட்டாளாம். நாலு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டாள். "எங்க நிக்கீய? காணல்லியே." இதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சார் விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் ரோஸ் ஆட்டோ பேசும் சத்தம் கேட்டது.

நாலே கால் மணிக்கு ரோஸ் சுழல்கதவின் வெளிப்பக்கம் வந்து நின்றாள். புதுச் சேலை. ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் சாப்பாட்டுக் கூடை. கம்பிக்கு உள்ளே சார், சட்டையெல்லாம் உப்புப் பூத்து, கழுத்தில் இரண்டு மல்லிகைச் சரங்களோடு நின்றார்.

"வாங்கம்மா வாங்க" என்று பாண்டியராஜன் பன்னீர்ச் செம்போடு வந்துவிட்டார். "சுத்தி முன்வாசல் வழியா உள்ள வாங்க. தம்பதி அனுபவம்னு தனியா ஒண்ணு இருக்கு."

"ஏளா ரோஸு, உள்ள வந்துராத!" என்று சார் அலறினார்.

ரோஸ் நின்ற இடத்திலேயே நின்றாள். "அப்படி என்னத்தச் சொல்லித் தொலைச்சீங்க?"

"நல்லாத்தான் இருந்துதுன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"எது நல்லாத்தான் இருந்துது?"

"ஒரு படகு. கட்டிக் கெடந்துது. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் முத்து."

ரோஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று சார் எதிர்பார்த்தார். வந்தது வேறு. "முப்பத்தெட்டு வருசம் என் கையால சாப்பிடுதீங்க. நல்ல நாள், பெரிய நாள், கறியும் மீனும் வச்சிருக்கேன். ஒரு நாளாவது எனக்கு அந்த வார்த்தை வந்துருக்கா? எனக்கு என்னைக்கும் 'பரவால்ல'. பிளாஸ்டிக்குக்குக் குடுத்துட்டு நிக்கீங்க."

உமாராணி டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பாண்டியராஜன் மட்டும் மெல்லிய குரலில், "இது குடும்ப அனுபவத்துல வரும், அதுக்குப் படிவம் இன்னும் அச்சாகல" என்றார்.

ரோஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி நாலரை ஆவப்போவுது. வண்டி அஞ்சே காலுக்கு."

"இன்னைக்கு வேண்டாம்ளா. டிக்கெட்ட மாத்திக்கிடுவோம். அடுத்த மாசம்..."

"மாத்தி?" என்றாள் ரோஸ். கூடையிலிருந்து ஒரு இட்லிப் பொட்டலத்தை எடுத்துக் கம்பி இடுக்கு வழியாக நீட்டினாள். சார் பிடித்துக்கொண்ட கையை விடுவித்துக்கொண்டாள். "சட்னி கெட்டுப்போவும், சீக்கிரம் சாப்பிட்டுருங்க. போயிட்டு வந்து சொல்லுதேன்."

இத்தனை வருஷமும் வீட்டு வாசலில் பெட்டியோடு நின்று சார் அவளிடம் சொன்ன அதே வார்த்தை. அப்போதெல்லாம் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று சாருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"அம்மா, ஒரு நிமிஷம், மைசூர்ல என்ன அனுபவம் கிடைச்சிரப் போவுது? இங்க..." என்று பாண்டியராஜன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

"அனுபவத்த நானே போய்ப் பட்டுக்கிடுதேன் சார்" என்று சொல்லிவிட்டு, ரோஸ் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

சார் சுழல்கதவைப் பிடித்து உலுக்கினார். இரும்பு அசையவில்லை. படகுத் துறைக்கு ஓடி, "கிளைட்டா, கயித்த அறுத்து விடுடே, நான் துடுப்பு போட்டாவது போயிருதேன்" என்றார்.

"அறுத்துருவேன் அண்ணாச்சி. ஆனா படகுல ஓட்டை இருக்கு. கட்டிக் கெடக்க வரைக்கும்தான் மெதக்கும்."

ஐந்தே காலுக்கு ஊர்ப்பக்கமிருந்து வண்டியின் ஊதல் கேட்டது. சார் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். பராங்குசம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மோர் வந்தது, சார் வாங்கிக் குடித்தார். நன்றாக இருந்தது. அது அவருக்குப் பயத்தைக் கொடுத்தது.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. காற்றும் தண்டவாளச் சத்தமும் சேர்ந்து இரைய, ரோஸ் கத்திப் பேசினாள்.

"ஏங்க, கேக்குதா? இந்த உப்பளம் இருக்குல்லா, வெள்ளை வெள்ளையாக் குமிச்சு வச்சிருப்பான்லா? வெயில் சாஞ்சதும் அம்புட்டும் செவந்துட்டுங்க! செக்கச் செவேல்னு. உப்புப் பாத்தியெல்லாம் தீப்புடிச்ச மாதிரி. எத்தன தடவ இந்த வழியாப் போயிருக்கீங்க, ஒரு பொஸ்தகத்துலயாவது உப்பு செவக்கும்னு எழுதுனீங்களா?"

"அது வந்து ரோஸு, சூரியன் சாயும்போது ஒளிச்சிதறல்..."

"நீங்க சும்மா இருங்க. நான்லா பாக்குதேன்."

சார் சும்மா இருந்தார். அவள் சொல்லிக்கொண்டே போனாள். பனங்காட்டுக்கு நடுவே மயில் ஒன்று தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதாம். மணியாச்சியில் ஒரு ஆள் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறப் பார்த்து, டிக்கெட் பரிசோதகரிடம் திட்டு வாங்கினானாம். தூரத்தில் காற்றாலைகள் ஒன்று சுற்றினால் ஒன்று நின்றனவாம். பெங்களூருக்கு வேலைக்குப் போகும் நர்ஸ் பிள்ளை ஒருத்தி சாரின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாளாம்.

"தங்கமான பிள்ளை. ஜன்னலை எனக்கு விட்டுக் குடுத்துட்டா. நீங்க வந்திருந்தா ஜன்னல்ல நீங்கள்லா இருந்திருப்பீங்க" என்றாள் ரோஸ். குத்திக் காட்டவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

எபனேசர் சாரின் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

கூடத்தைக் கடந்துபோன பாண்டியராஜன் அப்படியே நின்றார். "உமாராணி! கேமரா!" என்று கத்தினார். விளக்குகள் பளிச்சிட்டன. ஆட்கள் ஓடி வந்தார்கள். "கண்ணீர்! ஆனந்தக் கண்ணீர்! மூணு வருஷத்துல முத முறை! இதுக்கு மேல ஃபைல்ல எந்தத் 'தான்'னும் நிக்காது. விதி பத்து, உட்பிரிவு ரெண்டு!" சாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். 'மிகை மகிழ்வுச் சான்றிதழ்' ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பராங்குசம் அவசர அவசரமாகக் கண்ணைக் கசக்கிப் பார்த்தார். ஒரு சொட்டும் வரவில்லை. நாதசுரம் முழங்க, சுழல்கதவு ஒரு சுற்றுச் சுற்றி, சாரைப் பீச் ரோட்டில் கொண்டுபோய் விட்டது.

போன் இன்னும் காதில்தான் இருந்தது. "என்ன அங்கன மேளச் சத்தம்?" என்று கேட்டாள் ரோஸ்.

"விட்டுட்டானுவ. வெளிய வந்துட்டேன். ரோஸு, நான் ஒரு கார் புடிச்சு வாரேன். மதுரைல வந்து ஏறிக்கிடுதேன். வண்டி அங்கன கொஞ்ச நேரம் நிக்கும்லா?"

சொல்லிக்கொண்டே ரோட்டில் கார் ஏதும் வருகிறதா என்று பார்த்தார்.

"வேண்டாங்க" என்றாள் அவள். மெதுவாக, மனத்தாங்கல் இல்லாமல், பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற மாதிரித்தான் சொன்னாள். "நீங்க ஏறினா விளக்கம் சொல்ல ஆரம்பிச்சிருவீங்க. நான் இன்னும் கொஞ்சம் பாத்துக்கிடுதேன்."

"சரி" என்றார் எபனேசர் சார்.

"கடம்பூர் வந்துட்டு. போளி விக்கான், நான் போய் வாங்கணும்" என்று சொல்லிவிட்டு, அவள் போனை வைத்துவிட்டாள்.